பெரிய எழுத்துப் பரிசுத்த வேதாகமம்: ஓராண்டு வாசித்த பின்

பழைய திருப்புதல் எனப்படும் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின் பெரிய எழுத்துப் பதிப்பை யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் சென்ற ஆண்டு லெந்து காலத்தில் வாங்கினேன். அப்போது என் திருமண நிச்சயம் முறிந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. கனடாவிலிருந்த மாப்பிள்ளை வீட்டார் காரணம் எதுவும் கூறாமல் விலகிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் ஒரு பெண்ணை ‘இன்னாருடைய மகள்’, ‘இன்னாருக்குப் பேசியிருக்கிற பிள்ளை’ என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். அந்த இரண்டாவது பெயர் போன பிறகு, ஆலய வாசலில் என்னைக் கண்டவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். பதினொரு வருடம் ஆசிரியையாக வேலை செய்த நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

முதலில் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகல் முழுவதும் கொப்பி திருத்திக் களைத்த கண்களுக்கு இந்த எழுத்து பெரிய ஆறுதல். இரவில் மேசை விளக்கு ஒன்றே போதும். தாள் மெல்லியது, பின்பக்க அச்சு சற்றுத் தெரிகிறது. கனமான புத்தகம் என்பதால் படுத்துக்கொண்டு வாசிக்க முடியாது. இந்தியாவில் அச்சாகி வருவதால் விலையும் நாணய மாற்றோடு ஏறி இறங்குகிறது.

மொழி கடினம் என்று இளையோர் குறைகூறுவது நியாயமானதே. அவர்களுக்கு 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இலகுவாக இருக்கும். ஆனால் எனக்கு இந்தப் பழைய தமிழே வேண்டியிருந்தது. வேதாகமத் தமிழுக்கு எங்கள் மண்ணோடு உறவு உண்டு: 1850இல் வெளிவந்த பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்பில் அவரோடு உழைத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அம்மொழிபெயர்ப்பு நிலைக்கவில்லை; 1871இல் பவர் ஐயர் குழுவினர் முடித்ததன் வழியிலேயே இப்போது என் கையில் உள்ள பாடம் வந்திருக்கிறது. ஏசாயா 43ஆம் அதிகாரத்தில், “நீ என் பார்வைக்கு அருமையானபடியினால் கனம்பெற்றாய்” என்று வருகிறது. எங்கள் பேச்சில் கனம் என்றால் பாரம். நெஞ்சில் பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தவளுக்கு அதே சொல் மதிப்பு என்ற பொருளில் எதிரே வந்தபோது, அந்த வரியைத் தாண்டிப் போக முடியாமல் அன்றிரவு புத்தகத்தை மூடிவிட்டேன்.

அதே அதிகாரத்தின் முதல் வசனம் “நீ என்னுடையவன்” என்று முடிகிறது. யாக்கோபை நோக்கிச் சொல்லப்பட்டதால் ஆண்பாலில் வருவது சரிதான். ஆயினும் தமிழில் அந்த ‘ன்’ ஒரு பெண்ணைக் கொஞ்சம் வெளியே நிறுத்திவிடுகிறது. பல நாட்கள் அதை ‘என்னுடையவள்’ என்று மனத்துக்குள் மாற்றி வாசித்தேன். பின்னர் 62ஆம் அதிகாரத்துக்கு வந்தபோது மாற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை: “நீ இனிக் கைவிடப்பட்டவள் என்னப்படாமலும்” என்று அங்கே பெண்பாலிலேயே எழுதியிருக்கிறது. சீயோன் நகருக்குச் சொன்ன வார்த்தை என்பதை அறிவேன். ஆனாலும் ஊரார் வாய்விட்டுச் சொல்லாத அந்தச் சொல்லைக் கர்த்தர் வெளிப்படையாகச் சொல்லி, இனி அது உன் பெயரல்ல என்று விலக்கியதை எனக்குரியதாகவே ஏற்றுக்கொண்டேன். என் பெறுமதி எந்த மாப்பிள்ளை வீட்டாரின் முடிவிலும் தங்கியிருக்கவில்லை என்பதை அன்றுதான் விசுவாசித்தேன். அதற்கு முன்பு அதை ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கற்பித்து மட்டுமே வந்திருக்கிறேன்.

குறையாகச் சொல்ல வேண்டியது உறையின் சிப். நான்காம் மாதமே பல் விலகிவிட்டது. இப்போது ரப்பர் பட்டி போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு இன்னொரு பிரதி வாங்கியபோது சிப் இல்லாத சாதாரண அட்டையையே கேட்டு வாங்கினேன். அவர் விரலை வரியில் வைத்து, உரத்து வாசிக்கிறார். 62ஆம் அதிகாரத்துக்கு இன்னும் வரவில்லை.