டி-55 டேங்க் கன்வர்ஷன் செட் வாங்கும் முன் பீரங்கிக் குழலை அளந்து பாருங்கள்

டேங்க் மாடல் செய்கிற சென்னை நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். "இந்திய ராணுவ டி-55, முழு கன்வர்ஷன் செட், அலுமினியக் குழல், டாமியா கிட்டும் சேர்த்து" என்று ஒருவர் வாட்ஸாப்பில் விற்றுக்கொண்டிருக்கிறார். (டாமியா என்பது பிளாஸ்டிக் மாடல் கிட் செய்யும் ஜப்பானிய நிறுவனம். கன்வர்ஷன் செட் என்றால் அந்தக் கிட்டை வேறு ரக டேங்காக மாற்ற உதவும் துண்டுகள்.) தயவுசெய்து முன்பணம் அனுப்பாதீர்கள். எனக்கு ஒன்பதாயிரம் ரூபாய் போனது. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயரைப் போடவில்லை. பெயரும் நம்பரும் நாளைக்கே மாறிவிடும். சரக்கைப் பார்த்தே கண்டுபிடிக்கத் தெரிந்துகொண்டால் யார் விற்றாலும் தப்பிக்கலாம்.

இந்த டேங்க் மேல் நமக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சோவியத் டி-55 வந்தபோது அதில் இருந்தது 100 மி.மீ. பீரங்கி. பின்னாளில் நம் ராணுவம் அதைக் கழற்றிவிட்டுப் பல டி-55களில் 105 மி.மீ. எல்7 பீரங்கியைப் பொருத்தியது. நம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் தயாரான விஜயந்தாவில் இருந்ததும் அதே வகைப் பீரங்கிதான். சோவியத் உடம்பில் பிரிட்டிஷ் பீரங்கி! பெட்டியில் வருகிற கிட்டை அப்படியே ஒட்டினால் இது கிடைக்காது. குழலை மாற்ற வேண்டும், வெளியே தொங்கும் பெட்டிகள், கொக்கிகள் எல்லாம் மாற்ற வேண்டும். அதற்காகத்தான் கன்வர்ஷன் செட் தேடுகிறோம், அந்தத் தேடலை வைத்துத்தான் இவர் பிழைக்கிறார்.

அவர் காட்டிய படம் அருமையாக இருந்தது. வெல்டிங் தழும்புகூடத் தெரியும் கோபுரம் (பீரங்கியோடு சுழலும் மேல்பகுதி), உறை போர்த்திய நேரான குழல், முழுதாகப் பெயின்ட் அடித்த டேங்க். பார்சலைப் பிரித்த அன்றைக்கே அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தேன். ஐரோப்பாவில் யாரோ ஒருவர் தன் கையால் செய்த மாடல் அது. இவருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பார்சலுக்குள் இருந்ததைச் சொல்கிறேன். முதலில் குழல். அலுமினியம் என்று எழுதி வாங்கியிருந்தேன், வந்தது ரெசின், அதாவது அச்சில் ஊற்றி இறுகவைத்த பிளாஸ்டிக். வாழைத்தண்டு நார் மாதிரி வளைந்து கிடந்தது. நீளமாக, மெல்லியதாக இருக்கும் ரெசின் துண்டை வெந்நீரில் போட்டு நிமிர்த்தலாம், உண்மைதான். ஆனால் நம் ஊர் மே மாத வெயிலில் அலமாரியில் நிற்கும்போது மறுபடி தொங்கிவிடும். கடைந்த அலுமினியக் குழலுக்குக் கூடுதல் காசு கொடுப்பதே அதனால்தான்.

வளைவைக்கூட விட்டுவிடுங்கள். குழலில் புகை உறிஞ்சிக்காக (சுட்டபின் உள்ளே தங்கும் புகையை வெளியேற்றும் பாகம்) ஒரு தடித்த பகுதி இருக்குமே, அது முனையிலேயே இருந்தது. டி-55இன் பழைய 100 மி.மீ. குழலில்தான் அது வாய் ஓரத்தில் வரும். எல்7இல் அது குழலின் நடுவாக்கில் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற வித்தியாசம் இது. அதாவது கிட்டில் இருக்கிற குழலையே அச்சு எடுத்து, சுற்றிலும் உறை என்று ஏதோ துணி மடிப்பு மாதிரி கீறி, "105" என்று எனக்கு விற்றிருக்கிறார். இன்னொரு சோதனையும் செய்தேன். 105ஐ 35ஆல் வகுத்தால் சரியாக 3. ஆகவே 1/35 அளவில், அதாவது நிஜத்தில் 35இல் ஒரு பங்கான இந்த மாடலில், குழலின் வாய்த் துளை 3 மி.மீ. இருக்க வேண்டும். 3 மி.மீ. டிரில் பிட்டின் மழுங்கின பக்கத்தை வைத்துப் பார்த்தேன், நுழையவே இல்லை. இந்தச் சோதனைக்கு எந்தப் படிப்பும் வேண்டாம், நீங்களும் செய்யலாம்.

கோபுரத்துக்கான மற்ற ரெசின் துண்டுகள் எல்லாம் நகலின் நகல். ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். வேறொருவர் வார்த்ததை வாங்கி, அதன்மேல் சிலிகான் அச்சு எடுத்து மறுபடி வார்த்தால், சுருங்கினது மேலும் சுருங்கும். கிட்டின் கோபுரத்தில் பொருந்த வேண்டிய முகப்பு இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு நின்றது. ஆணித் தலைகள் மழுங்கியிருந்தன, காற்றுக் குமிழி ஓட்டைகள் எங்கு பார்த்தாலும். இதைச் சொன்னதற்கு வந்த பதில்: "ரெசின்னா அப்படித்தான் ப்ரோ இருக்கும். பட்டி வச்சு உப்புத்தாள் போட்டா போயிடும்." பட்டி வைத்தால் ஓட்டை அடைபடும், காணாமல் போன ஆணித் தலை எங்கிருந்து வரும்?

டேங்குக்கு வெளியே தொங்கும் பெட்டிகள் மட்டும் 3டி பிரின்ட். கையில் பிசுபிசுவென்று ஒட்டின, நெடி வேறு. கழுவி, புற ஊதா வெளிச்சத்தில் சரியாக இறுக்காமல் அனுப்பினால்தான் இப்படி இருக்கும். இறுகாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். வீட்டில் குழந்தைகள் தொடுகிற பொருள் என்ற எண்ணம் கொஞ்சமாவது வேண்டாமா? எனக்கு இதில்தான் உண்மையிலேயே கோபம் வந்தது. உங்களுக்கு இப்படி வந்திருந்தால் கையுறை போட்டு எடுத்து மூடி வையுங்கள். ரெசின் எதுவானாலும் ஈரம் வைத்துத் தேயுங்கள், முகமூடி இல்லாமல் தூள் பறக்கத் தேய்க்காதீர்கள்.

டாமியா பெட்டி அசல்தான். உள்ளே பைகள் வெட்டித் திறந்திருந்தன. டி-55க்கு ஒரு பக்கத்துக்கு ஐந்து சக்கரம், ஒவ்வொன்றும் இரட்டை, ஆக 20 தட்டு வேண்டும். இரண்டு குறைந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "திறந்த கிட்டுக்கு ரிட்டர்ன் இல்ல சார்" என்றார். அதுவரை ப்ரோவாக இருந்தவன் அந்த நிமிடம் சாராகிவிட்டேன். பிறகு பிளாக்.

இனி வாங்குகிறவர்கள் செட்டின் படத்தைக் கேளுங்கள், செய்து முடித்த மாடலின் படம் வேண்டாம். துண்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலும், அன்றைய தேதி எழுதின காகிதமும் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். சரக்கு கையில் இருக்கிறவருக்கு இது இரண்டு நிமிட வேலை. சென்னைக்குள்ளே இருப்பவர் என்றால் நேரில் பார்த்து வாங்குங்கள். நான் நேரில் வருகிறேன் என்றபோது இவர் ஒவ்வொரு தடவையும் வெளியூரில் இருந்தார். பில் கேளுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வெட்டாமல் வீடியோ எடுங்கள், என் புகாருக்கு இப்போது பலமே அந்த வீடியோதான்.

பணம் அனுப்பி எதுவுமே வராமல் ஆள் மறைந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள். மட்டமான சரக்கு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

குழலை அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் கடையக் கொடுத்துவிட்டேன். படம் வரைந்து, புகை உறிஞ்சி வரும் இடத்தைக் குறித்துக் கொடுத்தேன். அந்த அண்ணன் வாய் விட்டம் 3 மி.மீ. வரும்படி துளை போட்டு, சாம்பிளைக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்கினார்.

இதே ஆளிடம் வாங்கி ஏமாந்தவர்கள் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோடு எனக்குத் தனியாக எழுதுங்கள். அவரவர் பெயரில் அவரவர் புகார் கொடுக்க வேண்டும், எப்படி எழுதுவது என்று நான் உதவுகிறேன்.