எழுத்துப் பட்டறையில் எழுதியவர் ஏன் பேசக் கூடாது?

கல்லூரியில் படைப்பெழுத்து படிக்கச் சேரலாமா என்று ஒரு தோழி கேட்டிருந்தாள். பதில் எழுதுவதற்கு முன் என் பழைய பட்டறைப் பிரதிகளை எடுத்துப் புரட்டினேன். என் கதைகளின் ஓரங்களில் சக மாணவர்கள் குறிப்பெழுதித் திருப்பித் தந்தவை. பாதி படிப்பதற்குள் அந்தக் காலத்துக் கோபம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. சரி, அவளுக்கு மட்டும் சொல்வதை எல்லோருக்குமாகச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

இந்தப் படிப்பின் முக்கிய வகுப்பான பட்டறை எப்படி நடக்கும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு ஆசிரியர். முந்தைய வாரமே கொடுத்த கதையை எல்லோரும் படித்துக் குறிப்பெழுதிக்கொண்டு வந்து பேசுவார்கள். பாடத்திட்டம், மதிப்பெண், ஆய்வேடு இவற்றில் எனக்குப் பெரிய குறை இல்லை. என் சண்டை எல்லாம் ஒரே விதியோடுதான்: யாருடைய கதையைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர் வாய் திறக்கக் கூடாது.

இதற்கு அயோவா பாணி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் பட்டறை 1936-இல் தொடங்கியது. 1941 முதல் 1965 வரை பால் எங்கிள் இயக்குநராக இருந்த காலத்தில் பெரிதாக வளர்ந்தது. அங்கே படித்தவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் பாடம் நடத்தப் போனபோது வகுப்பு நடத்தும் முறையும் கூடவே போனது. இவ்வளவு தூரம் பரவிய ஒன்றுக்குக் காரணம் இல்லாமல் இருக்குமா? இருக்கிறது. புத்தகம் அச்சான பிறகு எழுதியவர் ஒவ்வொரு வாசகரிடமும் போய் "நான் சொல்ல வந்தது அது இல்லை" என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் கதை. அதோடு, எழுதியவரைப் பேசவிட்டால் முதல் குறைக்கே பதில் சொல்லத் தொடங்கிவிடுவார், மற்றவர்கள் மனதில் பட்டதைச் சொல்லத் தயங்குவார்கள். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் வகுப்பில் நடப்பது வேறு. என் கதை ஒன்றில் ஒரு பெண் அண்ணனிடமிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமலே வைத்திருப்பாள். அண்ணனோடு வளர்ந்த நாட்களை நினைத்துக்கொண்டே இருப்பாள். முதலில் பேசிய மாணவர், "இறந்துபோன அண்ணனின் கடைசிக் கடிதம் என்பது மனதைத் தொட்டது" என்று தொடங்கினார். அண்ணன் சாகவில்லை. போன மாதம் அவன் ஃபோன் செய்தான் என்று இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அதற்குள் அடுத்தவர் அந்தச் சாவைப் பிடித்துக்கொண்டார். சாவு எப்படி நேர்ந்தது என்று ஒரு இடத்திலாவது காட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். துக்கம் போதவில்லை என்றார் மற்றொருவர். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் பெரும்பகுதி என் கதையில் நடக்கவே நடக்காத ஒரு சாவுக்குப் போய்விட்டது. கடைசியில் "நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று ஆசிரியர் கேட்டபோது அடுத்த கதைக்கு நேரமாகியிருந்தது. நன்றி சொல்லிவிட்டுப் பிரதிகளை வாங்கிக்கொண்டேன்.

ஒருவர் அப்படிப் படித்ததே எழுதியவருக்கு ஒரு தகவல்தானே என்பார்கள். தகவல்தான், இரண்டாம் பக்கத்து வரிக்கு வலு போதாது என்ற தகவல். அதைத் தெரிந்துகொள்ள இரண்டு நிமிடம் போதும். என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியாதது வேறொன்று. வீட்டுக்கு வந்து பிரதிகளைப் பார்த்தபோது ஒன்றில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே பென்சிலால், "அண்ணன் உயிரோடுதானே இருக்கிறான்?" என்று எழுதியிருந்தது. கதையைச் சரியாகப் படித்த ஒருவர் அந்த வகுப்பில் இருந்திருக்கிறார். ஆனால் பேச்சு வேறு பக்கம் திரும்பிய பிறகு, தான்தான் தவறாகப் படித்துவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கடைசி வரைக்கும் பேசவில்லை. எழுதியவர் வாயைக் கட்டிப்போட்டால் வாசகர்கள் சுதந்திரமாகப் பேசுவார்கள் என்பதுதான் இந்த விதிக்குச் சொல்லும் நியாயம். நான் கண்டது, முதலில் பேசியவருக்குத்தான் அந்தச் சுதந்திரம். நல்ல வாசகர் ஒருவரை அந்த விதியே வாயடைக்க வைத்தது.

தன் கதையின் உலகம் வகுப்பில் இருக்கும் மற்றவர்களுக்குப் பழக்கமில்லாத ஒன்றாக இருந்தால் பாடு இன்னும் மோசம். கதைக்குள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு உறவோ வழக்கமோ வகுப்பில் புதிராகிவிடும். அந்தப் புதிரை அவிழ்க்கவே நேரம் சரியாகப் போகும். எழுதியவர் அதற்கும் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். இதைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் மேத்யூ சலெஸஸ் 2021-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. கலைப்படைப்புகளைப் பற்றிக் கருத்துச் சொல்ல லிஸ் லெர்மன் என்ற நடனக் கலைஞர் 1990 வாக்கில் உருவாக்கிய முறை ஒன்று உண்டு; கதைக்கும் அது பொருந்தும். முதலில், கதையில் தங்களைத் தொட்டது எது என்று வாசகர்கள் சொல்வார்கள். அப்புறம் எழுதியவர் தனக்குத் தெரியவேண்டியதைக் கேட்பார். மூன்றாவதாக, வாசகர்கள் தங்கள் கருத்தை உள்ளே நுழைக்காமல் கேள்வி கேட்பார்கள். கருத்துக்கு இடம் கடைசியில்தான், அதுவும் எழுதியவர் சம்மதித்தால். ஒரு செமஸ்டரில் எங்கள் ஆசிரியர் இதை முயன்று பார்த்தார். அதே கடிதக் கதையின் அடுத்த வரைவுக்கு ஒருவர் கேட்டார்: "அந்தக் கடிதம் வந்து எத்தனை நாளாகிறது?" எனக்குப் பதில் தெரிந்திருந்தது, தாளில்தான் இல்லை. அன்றிரவே அந்த இடத்தைத் திருத்தினேன். கதையே அங்கிருந்து வேறு தினுசில் நகரத் தொடங்கியது. அடுத்த செமஸ்டரில் வேறு ஆசிரியர், மறுபடியும் பழைய விதி.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பட்டறையில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், என் கதை பேசப்படாத வாரங்களில்தான் கிடைத்தது. ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று பேருடைய வரைவுகளைப் படித்து ஆளுக்கு ஒரு பக்கம் கடிதம் எழுத வேண்டும். எனக்கு அது பாரமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். சில வாரங்களில் அதற்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டேன். அச்சில் வந்த கதை தைத்து முடித்த சட்டை மாதிரி, எங்கே பிரித்தார்கள், எங்கே மறுபடி தைத்தார்கள் என்று கண்ணுக்குத் தெரியாது. இங்கே ஒரே கதையின் முதல் வரைவும் மூன்றாம் வரைவும் கையில் இருக்கும். சக மாணவி ஒருத்தியின் முதல் வரைவில் அப்பாவும் மகளும் மூன்று பக்கம் சண்டை போட்டார்கள். மூன்றாவது வரைவில் சண்டையே இல்லை. அப்பா மகளின் செருப்பை எடுத்து வாசலுக்கு வெளியே நேராக வைக்கிறார், அவ்வளவுதான். எதை எடுத்தாள், எதை விட்டாள், ஏன் அது வேலை செய்தது என்று யோசித்துக் கடிதம் எழுதினேனே, அதற்கு ஈடாக எந்தப் பாடமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இது பட்டறைக்கு வெளியே எளிதில் கிடைக்காது.

நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பட்டறையின் அளவு சிறுகதைக்கானது. நடுவிலிருந்து ஒரு அத்தியாயத்தைக் கொடுத்தால் முன்கதை தெரியாமல்தான் பேசுவார்கள்.

அப்படியானால் தோழிக்கு என்ன பதில்? நல்லதைக் கணக்கெடுத்தால் போய்ச் சேர் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பென்சில் குறிப்பை மறுபடி பார்த்த பிறகு எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. இப்போதைக்கு வேண்டாம் என்றே எழுதப்போகிறேன். படித்து எழுதும் பழக்கமுள்ள நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒருவர் வரைவை ஒருவர் படித்துக் கடிதம் எழுதுங்கள் என்பேன். பட்டம் வேண்டும் என்றால் மட்டும் கல்லூரிக்குப் போகட்டும். அதற்கும் முன்னால் பாடம் நடத்தப்போகிறவரிடம் நேராகக் கேட்கட்டும்: என் கதை பேசப்படும்போது நான் பேசலாமா?

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கு என் யோசனை, கதையோடு ஒரு அரைப்பக்கத்தில் உங்கள் கேள்விகளை எழுதி இணைத்துவிடுங்கள். எழுதியவர் பேசக் கூடாது என்று சொல்கிற ஆசிரியர்கள்கூட இதை ஏற்றுக்கொள்வதுண்டு. "கதை பிடித்ததா" என்று கேட்காதீர்கள். "அண்ணன் எங்கே இருக்கிறான் என்று எந்தப் பக்கத்தில் தெரிந்தது" என்பது போலக் கதைக்குள்ளிருந்து கேளுங்கள். மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் யாரும் பதில் எழுதுவதில்லை.