பெயரை மாற்றுவதா, பொருளை மாற்றுவதா? லினக்ஸ் கெர்னலின் பொதுச் செயற்கூறுகளைத் திருத்தும் வழிகள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் பல துணை அமைப்புகள் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு செயற்கூற்றை (function, பெயர் சொல்லி அழைக்கப்படும் நிரல் துண்டை) மாற்ற விரும்புபவர் முன் மூன்று வழிகள் உள்ளன: பெயரை அப்படியே வைத்து, அழைக்கும் இடங்கள் அனைத்தையும் ஒரே பேட்சில், அதாவது ஒரே திருத்தத் தொகுப்பில், திருத்துவது; புதிய பெயரில் வேறொரு செயற்கூற்றைச் சேர்த்து, பழையதைப் படிப்படியாக நீக்குவது; பெயரையும் அளபுருக்களையும் (செயற்கூற்றுக்குக் கொடுக்கப்படும் உள்ளீடுகளையும்) தொடாமல் உள்ளே நடப்பதை மட்டும் மாற்றுவது. கெர்னலின் உள் இடைமுகங்கள் நிலையானவை என்ற வாக்குறுதி இல்லாததால் மூன்றுமே அனுமதிக்கப்பட்டவை. ஆனால் மூன்றும் ஒரே அளவு பாதுகாப்பானவை அல்ல.

முதல் வழிக்கு நல்ல சான்று ஆக்சஸ்_ஓகே (access_ok) என்ற செயற்கூறு. பயனர் நினைவக முகவரியைச் சரிபார்க்கும் இதற்கு, படிக்கவா எழுதவா என்று சொல்லும் ஓர் அளபுரு நெடுங்காலம் இருந்தது. கெர்னல் நிலையில் எழுதுவதற்கான தடையை மதிக்காத பழைய 80386 சில்லுக்காகவே அது தேவைப்பட்டது. அந்தச் சில்லுக்கான ஆதரவோ 3.8 பதிப்பிலேயே கைவிடப்பட்டுவிட்டது. 2019 ஜனவரியில், 5.0 பதிப்புக்காக, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த அளபுருவை எல்லா இடங்களிலிருந்தும் ஒரே பேட்சில் நீக்கினார். இத்தகைய மாற்றத்தில் விடுபட்ட இடம் எதுவானாலும் அளபுருக்களின் எண்ணிக்கை பொருந்தாது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அங்கேயே நின்றுவிடும். எனவே இங்கு வேகம் ஆபத்தாகவில்லை.

ஸ்டர்எல்காபியின் (strlcpy) கதை வேறு. 1998-இல் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் பிறந்து லினக்ஸுக்கு வந்த, சரத்தை (எழுத்துகளின் வரிசையை) நகலெடுக்கும் இந்தச் செயற்கூறு, மூலச் சரத்தின் முழு நீளத்தைத் திருப்பித் தருகிறது. அந்த நீளத்தை அறிய, நகல் எழுதப்படும் நினைவக இடமான இலக்கு பஃபர் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் மூலத்தை இறுதிவரை படித்தாக வேண்டும். மூலம் முடிவுக்குறி இல்லாத சரமாக இருந்தால் எல்லையைத் தாண்டியும் படிக்கும். இதற்கு மாற்றாக 2015-இல், 4.3 பதிப்பில், ஸ்டர்எஸ்காபி (strscpy) சேர்ந்தது. இது தேவையான அளவே படிக்கும். சரம் துண்டிக்கப்பட்டால் -7 என்ற பிழை எண்ணைத் தரும். பழையதை அழைத்த இடங்கள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டு, 2024-இல் வெளியான 6.8 பதிப்பில்தான் ஸ்டர்எல்காபி முற்றிலும் நீங்கியது.

எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனதே, பழைய பெயரிலேயே உள்ளடக்கத்தை மட்டும் மாற்றியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்குமே என்று கேட்கலாம். அதுவே மூன்றாவது வழி, அதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். திரும்பி வரும் எண்ணை நீளமாக எடுத்துக்கொண்டு அடுத்த எழுதுமிடத்தைக் கணக்கிடும் நிரல், மாற்றத்திற்குப் பிறகும் எந்த எச்சரிக்கையும் இன்றிக் கம்பைல் ஆகும். ஆனால் சரம் துண்டிக்கப்படும் நாளில் முன்னே நகர்வதற்குப் பதிலாக ஏழு பைட் பின்னே சென்று எழுதும். அத்தகைய பிழையை யாரும் எளிதில் ஸ்டர்எல்காபியோடு தொடர்புபடுத்திப் பார்க்க மாட்டார்கள்.

புதிய பெயரும் ஆராயும் வேலையைக் குறைப்பதில்லை என்பதை ஸ்டர்என்காபி (strncpy) என்ற இன்னொரு பழைய சரநகல் செயற்கூற்றை மாற்றும் பணி காட்டுகிறது. பஃபரின் மிச்ச இடத்தைச் சுழியங்களால் நிரப்புவது அதன் இயல்பு; ஸ்டர்எஸ்காபி அப்படி நிரப்புவதில்லை. அந்த பஃபர் பயனர் நிரலுக்கு அனுப்பப்படுமானால், கண்ணை மூடிக்கொண்டு செய்யும் மாற்றீடு கெர்னல் நினைவகத்தின் பழைய எச்சங்களை வெளியே கசியவிடும். நிரப்பலைத் தக்கவைக்க வேண்டிய இடங்களுக்காகவே ஸ்டர்எஸ்காபி_பேட் என்ற தனி வடிவம் உருவானது.

ஆகவே முன்மொழிபவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: நான் தவறவிடும் இடத்தைக் கம்பைலர் கண்டுபிடிக்குமா? கண்டுபிடிக்கும் என்றால் ஒரே பேட்சில் முடிப்பது நல்லது. இரண்டு வடிவங்களை ஆண்டுக்கணக்கில் பராமரிக்கும் சுமை மிஞ்சாது. திருப்பித் தரும் மதிப்பின் பொருளோ பக்கவிளைவோ மாறுகிறது என்றால், எவ்வளவு காலம் பிடித்தாலும் புதிய பெயரையே தேர்ந்தெடுக்க வேண்டும்.