இழுத்தது, சீவியது, அறைந்தது: சின்னக் கடையில் எந்த நூடுல்ஸ்?

சீன நகரங்களில் குடும்பமாக நடத்தும் நூடுல்ஸ் கடைகள் பெரும்பாலும் ஒரே அச்சுதான். நாலைந்து மேசை, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மாவோடு மல்லுக்கட்டும் அப்பா, கல்லாவில் அம்மா, ஓரத்து மேசையில் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளை. சுவர் முழுக்கப் படத்தோடு ஐட்டங்கள். நூடுல்ஸ் வரிசையில் மூன்று அடிக்கடி கண்ணில் படும்: லான்ஜோ மாட்டிறைச்சி சூப் நூடுல்ஸ், ஷான்சி மாகாணத்தின் கத்தியால் சீவும் நூடுல்ஸ், சியான் நகரத்துப் பட்டை நூடுல்ஸ். மூன்றுக்கும் அடிப்படை கோதுமை மாவும் தண்ணீரும்தான். ருசியை வைத்து எது உசத்தி என்று பேச ஆரம்பித்தால் சண்டை தீராது. ஒற்றை அடுப்பு, இரண்டு ஆள் இருக்கும் சமையலறையில் எது கெடாமல் மேசைக்கு வரும் என்று பார்ப்பதுதான் உருப்படியான வழி.

புகழில் முன்னால் நிற்பது லான்ஜோ. கான்சு மாகாணத் தலைநகரில், மஞ்சள் ஆற்றங்கரையில், ஹுய் எனும் சீன முஸ்லிம் இனத்தார் வளர்த்தெடுத்த சாப்பாடு இது. தெளிந்த சூப், வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, மஞ்சள் சாயல் நூடுல்ஸ் என்று நிறத்திலேயே இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறார்கள். அந்த மஞ்சளுக்குக் காரணம் மாவில் சேர்க்கும் சாம்பல் உப்பு. அந்தக் காலத்தில் வறண்ட நிலத்துச் செடியை எரித்து எடுத்தார்கள். இப்போது பாக்கெட் பொடி. இதைச் சேர்த்தால்தான் மாவு அறுந்து போகாமல் நீளும். இழுத்து மடிக்க மடிக்க இழை இரட்டிப்பாகும்: ஏழு முறைக்கு 128, எட்டு முறைக்கு 256. மயிரிழை வேண்டுமா, விரல் அகலம் வேண்டுமா என்று நீங்களே சொல்லலாம்.

கைவேலையில் குறை சொல்ல முடியாது. பிரச்சினை சூப்பில். எலும்பும் இறைச்சியும் பெரிய கொப்பரையில் மணிக்கணக்கில் கொதிக்க வேண்டும். லான்ஜோவில் ஊரே காலை உணவாக இதைச் சாப்பிடுவதால் கொப்பரை தானாகவே காலியாகிவிடும். வெளியூர்ச் சின்னக் கடைக்கு அந்த ஓட்டம் கிடையாது. அதனால் சூப்பில் தண்ணீர் ஏறும், சுவைப்பொடி விழும், இறைச்சித் துண்டு காகிதம் போல மெலியும். இன்னொரு வேடிக்கை, வெளியூரில் லான்ஜோ பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் கடைகளில் ஏராளமானவை பக்கத்துச் சிங்ஹாய் மாகாணத்தின் ஹுவாலொங் பகுதிக் குடும்பங்களுடையவை. லான்ஜோக்காரர்களுக்கு இதில் தீராத எரிச்சல். ஆனால் குவாங்சோவுக்கும் யிவுவுக்கும் சரக்கு எடுக்கப் போகும் நம் ஆட்களுக்கு இந்தக் கடைகள் பெரிய உதவி. ஹலால் என்பதால் பன்றி இறைச்சி பற்றிய கவலையே இல்லை.

ஷான்சி நூடுல்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கெட்டியாகப் பிசைந்த மாவுக் கட்டியை முன்கையில் தாங்கி, வளைந்த கத்தியால் கொதிக்கும் பானைக்குள் நேராகச் சீவுகிறார்கள். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு. மென்று தின்னச் சுகம். ஆனால் கூட்ட நேரத்தில் கை தடுமாறினால் ஒரு துண்டு வெந்தும் ஒன்று வேகாமலும் வரும். 2010களின் தொடக்கத்திலேயே இதைச் சீவ ரோபோ வந்துவிட்டது. தக்காளி முட்டைக் குழம்போடு வாங்கி, சோளத்தைப் புளிக்கவைத்துச் செய்யும் ஷான்சிக் கறுப்பு வினிகரைத் தாராளமாக விட்டால் ஏமாற்றம் இருக்காது. பிரமிப்பும் இருக்காது.

என் ஓட்டு சியானுக்கு. மாவை இளக்கமாகப் பிசைந்து, எண்ணெய் தடவி ஊறப் போடுகிறார்கள். ஆர்டர் சொன்ன பிறகுதான் ஒரு துண்டை எடுத்து, நடுவில் குச்சியால் கோடு அழுத்தி, இரு முனையையும் பிடித்து மேசையில் படார் படார் என்று அறைந்து நீட்டுகிறார்கள். பிறகு கோட்டோடு கிழித்துப் பானையில் போடுவார்கள். வெந்த பட்டை இடுப்பு பெல்ட் அகலம் வரும். அதன் மேல் மிளகாய்த்தூள், நறுக்கிய பூண்டு, வெங்காயத்தாள், உப்பு என்று குவித்து வைத்து, புகை வரக் காய்ந்த எண்ணெயைச் சுரீரென்று ஊற்றுவார்கள். நாம் எண்ணெயில் போட்டுத் தாளிப்போம். இங்கே எண்ணெயே தேடி வருகிறது. சோயாவும் வினிகரும் கலந்து, சூடு ஆறுவதற்குள் அடிவரை கிளறிவிட வேண்டும். விட்டுவிட்டால் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இதில் ஏமாற்ற இடமே இல்லை. சூப் கிடையாது, நேற்றைய குழம்பு கிடையாது. மாவு அப்போதே அறைபட வேண்டும், எண்ணெய் அப்போதே காய வேண்டும். இரண்டும் உங்கள் காதுக்குக் கேட்கும். அடிப்படை வகையில் இறைச்சி இல்லாததால் சைவக்காரர்களுக்கும் ஒத்துவரும். இருந்தாலும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. நூடுல்ஸ் வெந்த தண்ணீரையே கடைசியில் கிண்ணத்தில் கொடுப்பார்கள், அந்தக் காரத்துக்கு இதமாக இருக்கும்.

சிச்சுவானின் தாந்தான் நூடுல்ஸை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அது கிண்ணத்து அடியில் ஊற்றும் மசாலாவின் விளையாட்டு. மாவுக்கு அதில் வேலை குறைவு. மேலே தூவுவது பெரும்பாலும் பன்றிக் கொத்துக்கறி.

ஒரே ஒரு விலக்கு உண்டு. குளிர்காலக் காலை, கடை நிரம்பி வழிகிறது, வாசலிலேயே எலும்புக் கொப்பரை கொதிக்கிறது என்றால் சியானை மறந்துவிட்டு லான்ஜோ சொல்லுங்கள். நடுத்தர இழை, மிளகாய் எண்ணெய் கூடுதலாக, இறைச்சி தனித் தட்டில்.