ரிடண்டன்ட் பிஎல்சி: கோல்டா, வார்மா, ஹாட்டா?

ஆலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினிதான் பிஎல்சி. ஒன்று பழுதானால் மற்றது ஓட்டட்டும் என்று அதற்கு இரண்டு சிபியு (அதன் மூளை) வாங்கி மாட்டிவிட்டால் ஆலை நிற்காது என்று நம்புகிறவர்கள் நிறைய. ஆனால் இரண்டாவது சிபியு எந்த நிலையில் காத்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

கோல்ட் ஸ்டாண்ட்பையில் அது அணைந்தே கிடக்கும். முதலாவது பழுதானால் ஆள் போய்த்தான் மாற்ற வேண்டும். பெரிய தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புக்கு இது தாராளமாகப் போதும்.

வார்மில் இரண்டாவது விழித்திருக்கும், டேட்டாவும் அவ்வப்போது வந்து சேரும். சில நொடிகளில் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். சிக்கல் எங்கே என்றால், கடைசி நகலுக்குப் பின் நடந்தது அதற்குத் தெரியாது. கவுன்டரில் 47 ஓடியிருக்க, இது 45-இலிருந்து எண்ணத் தொடங்கும். வால்வின் திறப்பைத் தீர்மானிக்கும் பிஐடி கணக்கில், இதுவரை சேர்ந்த பிழையின் கூட்டான இன்டெக்ரல் மதிப்பும் பழையதாக இருந்தால் கன்ட்ரோல் வால்வு ஒரு குதி குதிக்கும். கழிவுநீர் நிலையம் அதைத் தாங்கிக்கொள்ளும், பாய்லர் டிரம்மின் நீர்மட்டம் தாங்காது.

அங்கேதான் ஹாட் ஸ்டாண்ட்பைக்குச் செலவழிக்க வேண்டும். இரண்டு சிபியுவும் ஒரே ப்ரோக்ராமை ஒத்திசைந்து ஓட்டும், மாற்றம் வால்வில் தெரியாது. சீமென்ஸ் எஸ்7-1500 வரிசையில் இதற்கே ஆர், எச் என்று இரண்டு வகை உண்டு. ஆர் வகை, கருவிகளை இணைக்கும் ப்ரோஃபிநெட் நெட்வொர்க் வளையம் வழியாகவே ஒத்திசையும். எச்சுக்குத் தனியாக இரண்டு ஃபைபர் இணைப்பு, அதனால் மாற்றமும் வேகம். அந்த இரண்டு ஃபைபரையும் ஒரே கேபிள் ட்ரேயில் போடாதீர்கள், அறுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இந்த வகைகளில் நான் அதிகம் கவலைப்படுவது ரன்-சோலோ நிலையைப் பற்றி. ஒரு சிபியு விழுந்து மற்றது தனியாக ஓடும் நேரம் அது. உற்பத்தி வழக்கம்போல நடக்கும், ஆபரேட்டர் பார்க்கும் எச்எம்ஐ திரையிலும் எதுவும் மாறியிருக்காது. யாரும் கவனிக்காமல் வாரங்கள் ஓடினால், அடுத்த பழுது ஆலையையே நிறுத்திவிடும். சோலோ அலாரம் ஆபரேட்டர் கண்ணில் பட்டே ஆக வேண்டும். புது சிபியுவை மாட்டியதும் இரண்டும் ஒத்திசைய வரும் சிங்க்அப் கட்டத்தில் சைக்கிள் டைம் (ப்ரோக்ராம் ஒரு சுற்று ஓடும் நேரம்) கூடும், அதற்கும் இடம்விட்டு, சுற்று எல்லை மீறுகிறதா என்று கண்காணிக்கும் வாட்ச்டாக்கின் நேரத்தை வையுங்கள்.

அப்புறம், ஹாட் என்றாலும் ப்ரோக்ராம் பிழைக்கு மருந்து கிடையாது. ஒரே பிழை இரண்டையும் சேர்த்தே சாய்க்கும். ஒரு சிபியு தவறாகக் கணக்கிட்டால் அதை மற்ற இரண்டும் வாக்கெடுப்பில் தோற்கடிக்க, மூன்று சிபியுவோடு மூன்றில் இரண்டு முறையில் இயங்கும் டிஎம்ஆர் வேண்டும். அவசர ஷட்டவுன் போன்ற பாதுகாப்புப் பணிக்கு அது பொருந்தும். சாதாரண கட்டுப்பாட்டுக்கு அது வீண்செலவு என்பது என் கருத்து.

எதை வாங்கினாலும், கமிஷனிங்கின்போதே தலைமை சிபியுவின் பவரை அணைத்து, வால்வு அசைகிறதா என்று ட்ரெண்ட் வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.