வெப் டிசைன் இன்டர்ன்ஷிப்: கிருஷ்ணகிரியா, பெங்களூரா?

பி.சி.ஏ. கடைசி வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதம் எங்காவது இன்டர்ன்ஷிப் முடித்து, லெட்டர்பேடில் சான்றிதழோடு வர வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். வெப் டிசைன்தான் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. எங்கே என்பதில்தான் இருந்தது. எங்களுக்கு ஊர் காவேரிப்பட்டணம். கிருஷ்ணகிரி அரை மணி நேர பஸ் தூரம். பெங்களூரு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நான் கிருஷ்ணகிரியில் மொத்தமே மூன்று பேர் வேலை பார்க்கும் ஒரு ஆபீஸில் சேர்ந்தேன். என் வகுப்புத் தோழன் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். இருவருக்கும் அதே ஒரு மாதம்தான். என் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், மறைக்கப் போவதில்லை.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு: பணம் கட்டி ஆன்லைனில் சேர்வது. வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்து, நாலு வீடியோ அனுப்பி, கடைசியில் சான்றிதழை பி.டி.எஃப்.பாகத் தருவார்கள். அதே பாடம் யூடியூபில் இலவசமாகக் கிடக்கிறது. இதை ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டாம்.

செலவு விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெங்களூரில் பி.ஜி. வாடகை, சாப்பாடு, ஆட்டோ. இங்கே மதியம் டிபன் பாக்ஸ், போக வர பஸ் கட்டணம். தினமும் ஊரிலிருந்து போய் வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அத்திப்பள்ளி தாண்டியதும் பஸ் ஊர்வதை ஒரு முறை பார்த்தால் புரியும். அவனுக்கு உதவித்தொகை தந்தார்கள், அது பி.ஜி.க்கே போனது. எனக்கு எதுவும் தரவில்லை, தினம் இரண்டு டீயைத் தவிர.

பெங்களூரில் கிடைப்பது ஒழுங்கு. அவன் கம்பெனியில் டிசைன் எல்லாம் ஃபிக்மா என்ற டிசைன் கருவியில் வரும், கோடு (நிரல்) எல்லோர் கோடையும் சேர்த்து வைக்கும் கிட்ஹப்பில் ஏறும், யாராவது பார்த்துச் சரி சொன்னால்தான் உள்ளே போகும். ஒரு பட்டனின் ஓரத்தை வளைக்க அவன் எழுதிய நாலு வரிக்குப் பதினோரு குறிப்பு வந்ததாம். எரிச்சலோடு சொன்னாலும், அவன் கோடு எழுதும் விதம் அந்த மாதத்தில் மாறியது நிஜம். என்னிடம் அந்தச் சுத்தம் இன்னும் இல்லை. ரியாக்ட் மாதிரி பெரிய கம்பெனிகள் பயன்படுத்தும் ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில் வேலைதான் வேண்டும் என்று முடிவாக இருப்பவர்களுக்குப் பெங்களூருதான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. அங்கே நான் வேலை பார்த்ததில்லை, அவன் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் அவன் செய்தது முழுக்க லாகின் போட்டால்தான் திறக்கும் பக்கம். இன்று அதை யாருக்கும் காட்ட முடியாது. அது லைவுக்குப் போனதா என்பதே அவனுக்குத் தெரியாது.

இங்கேதான் என் வாதம் இருக்கிறது. சைட் செய்வது பாதி வேலை. செய்த சைட்டை ஓட வைப்பது மீதி. அந்த மீதியை நான் கிருஷ்ணகிரியில்தான் பார்த்தேன்.

இரண்டாவது வாரம், திங்கட்கிழமை. எங்கள் ஊர் நிப்பட்டு (தட்டை) கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, நம்ம சைட்டத் திறந்தா பாதுகாப்பு இல்லன்னு வருது. கடை மேல கேஸ் ஏதாச்சும் போட்டுட்டாங்களா?" ஆபீஸ் அண்ணன் சிரித்துக்கொண்டே என்னைப் பார்க்கச் சொன்னார். சைட் பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் எஸ்.எஸ்.எல். சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ், 90 நாள்தான் செல்லும். வழக்கமாக சர்வரே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். போன தடவை சைட்டை வேறு சர்வருக்கு மாற்றியபோது பழைய சான்றிதழை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். குறித்த நேரத்தில் தானாக ஓடிப் புதுப்பிக்கும் கிரான் வேலையை வைக்க மறந்துவிட்டார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆனது. சரிசெய்யப் பத்து நிமிடம்.

அடுத்தது என் கைங்கரியம். ஒரு பள்ளியின் வேர்ட்பிரஸ் சைட்டில் ப்ளகின்கள், அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்கள், பழசாக இருக்கின்றனவே என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றுக்கும் அப்டேட் கொடுத்துவிட்டேன். சைட் வெள்ளையாக நின்றது. ஓர் எழுத்துகூட இல்லை, அட்மின் பக்கமும் திறக்கவில்லை. அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "பேக்கப் எடுத்தியா?" பிறகு சர்வரின் ஃபைல்களைக் கையாளும் சி-பேனலுக்குள் போய் ப்ளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றினார், சைட் எழுந்துவிட்டது. பெயரை மாற்றினால் வேர்ட்பிரஸுக்கு ப்ளகின்கள் கண்ணில் படாது, எல்லாம் அணைந்துவிடும். அப்புறம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எது குற்றவாளி என்று பிடிக்கலாம்.

தமிழ்ப் பக்கம் செய்வதும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். வாடிக்கையாளர் தரும் மேட்டர் டி.டி.பி. சென்டரில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அப்படியே ஒட்டினால் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கும். எல்லாக் கருவியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, விட்டுப்போனவற்றைக் கண்ணால் தேட வேண்டும். ஆங்கிலத்துக்குப் போட்ட பட்டனில் 'விண்ணப்பிக்க' என்று எழுதினால் போனில் வெளியே பிதுங்கும். வரி இடைவெளி குறைந்தால் மேல் வரி எழுத்தின் வால் கீழ் வரியின் தலையில் இடிக்கும். மாந்தோப்புக்காரர் போனில் எடுத்து அனுப்பும் படம் ஒவ்வொன்றும் 5, 6 எம்.பி. இருக்கும், அதைச் சுருக்கி வெப்பி (WebP) என்ற சிறிய பட வடிவில் போடாவிட்டால் சிக்னல் குறைவான ஊரில் பக்கம் திறக்கவே திறக்காது.

அண்ணனிடம் அட்டை போட்ட நோட்டு ஒன்று உண்டு. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனப் பொட்டு உண்டாம். எந்த டொமைன் (சைட்டின் முகவரிப் பெயர்) எந்தத் தேதியில் முடிகிறது, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, யார் பணம் பாக்கி, எல்லாம் அதில்தான். டொமைனை வாடிக்கையாளர் பெயரிலேயே எடுக்க வேண்டும் என்பதில் அவர் கறார். டிசைனர் தன் பெயரில் எடுத்துவிட்டுப் பிறகு சண்டை வந்தால், கடைக்காரர் தன் சொந்தக் கடைப் பெயருக்கே அலைய வேண்டியதுதான்.

குறையும் சொல்ல வேண்டும். கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற பேச்சே அங்கே இல்லை. 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'கடைசி ஃபைனல்' என்று ஃபோல்டர்கள். அண்ணன் பணம் வசூலிக்கப் போய்விட்டால் சந்தேகம் கேட்க ஆள் இல்லை. வெப் டிசைன் கற்கப் போன நான் மூன்று பிளக்ஸ் பேனரும் ஒரு மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழும் செய்துகொடுத்தேன். சில ஆபீஸ்களில் மாதம் முழுக்க இதுவேதான் என்று மற்ற பையன்கள் சொல்கிறார்கள். அதனால் சேரும் முன்பே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இப்போது எத்தனை சைட்டுகளைப் பராமரிக்கிறீர்கள், அதில் என்னைத் தொட விடுவீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் பெங்களூருக்கு டிக்கெட் போடலாம். அவர்கள் லெட்டர்பேடைத் துறைத்தலைவர் ஏற்பாரா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெஸ்யூமேயில் பெங்களூரு என்ற பெயர் பேசுகிறது, அதை மறுக்க மாட்டேன். தோழனுக்கு முதல் அழைப்பு சீக்கிரமே வந்தது. எனக்கு வந்த நேர்காணலில், சைட் திறக்கவில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டார்கள். நிப்பட்டுக் கடைக் கதையைச் சொன்னேன். வேலை அதனால்தான் கிடைத்ததா என்று தெரியாது, ஆனால் அந்தக் கேள்விக்கு நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கடைக்காரர் இன்னும் எனக்குத்தான் போன் செய்கிறார். போன வாரம், "தம்பி, நிப்பட்டு கிலோவுக்கு இருவது ரூவா ஏத்திட்டோம், சைட்ல மாத்திடு" என்றார். பேக்கப் எடுத்துவிட்டு மாற்றினேன்.