ஒன்ராறியோ ஏரிக்கரையில் ஆறு கோடை: சைக்கிள், கூடாரம், நீத்துப்பெட்டி

2024 ஜூலையில் கிங்ஸ்ரன் நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால் சைக்கிளைச் சாத்தியபோது மீட்டர் 308 கிலோமீற்றர் காட்டியது. ரொறன்ரோவில், ஸ்காபரோவின் கிழக்கு முனையில், ரூஜ் ஆறு ஏரியில் விழும் இடத்திலிருந்து ஐந்து நாளில் வந்த தூரம். முதல் தடவை போனது 2018இல். 2020ஐ விட்டால் ஒவ்வொரு கோடையும் போயிருக்கிறோம். ஆட்கள் அதே நால்வர்: நான், என்னோடு படித்தவன், அவனுடைய மைத்துனர், அறுபதைத் தாண்டிய அண்ணை. சாமான்களும் பெரும்பாலும் அதே சாமான்கள்தான். மழையிலும் மணலிலும் இத்தனை வருடம் இழுபட்ட பிறகு எது நின்றது, எது போனது என்று இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பாதை. ரொறன்ரோவின் முன்னாள் மேயர் டேவிட் குறொம்பி தலைமையில் 1988இல் ஓர் அரச ஆணைக்குழு அமைந்தது. நகரத்தின் ஏரிக்கரையை என்ன செய்வது என்று ஆராய்வதுதான் அதன் வேலை. அந்த வேலையிலிருந்து பிறந்ததுதான் 1995இல் திறந்த ஏரிக்கரைப் பாதை. முழுக்கத் தனிப் பாதை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பிக்கறிங், ஏஜாக்ஸ், விற்பி, ஓஷவா வரைக்கும் பெரும்பகுதி ஏரியோடு ஒட்டிய சைக்கிள் பாதை. அணுமின் நிலையத்தின் வேலியையும் தொட்டுக்கொண்டு போகும். அதற்கு அப்பால் கிராமத்து வீதிகள். நியூகாசிலுக்கும் போர்ட் ஹோப்புக்கும் இடையில் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். பாரம் ஏற்றிய சைக்கிளுக்கு அந்தப் பகுதிதான் முழுப் பயணத்திலும் கடினமானது. நாங்கள் அங்கே இறங்கித் தள்ளுவோம். அண்ணை எந்த வேகத்தில் போகிறாரோ அதுதான் நால்வரின் வேகம் என்று முதல் வருடமே பேசி முடித்துவிட்டோம். எப்போதும் அவர்தான் முன்னால். மற்றவர்கள் பின்னால் கதைத்துக்கொண்டு போவோம்.

மேற்கிலிருந்து கிழக்கே போங்கள். இந்தக் கரையில் கோடையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். 2022இல் ஒரு மாற்றத்துக்காக கிங்ஸ்ரனில் தொடங்கி வீட்டுப் பக்கம் வந்தோம். மணிக்கு 18 கிலோமீற்றரில் ஓடுபவர்கள் முழு நாளும் 11க்கு மேல் போகவில்லை. பக்கப் பைகள் நான்கும் காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி நின்றன. கோபேர்க் வந்தபோது அண்ணைக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அத்தோடு திசை மாற்றுகிற எண்ணத்தை விட்டோம்.

இனிச் சைக்கிள். என்னுடையது பழைய இரும்புச் சட்டம், கைமாறி வந்தது. முதல் வருடம் கூடாரம், அடுப்பு, உடுப்பு, அரிசிமா எல்லாவற்றையும் பின் கரியரிலேயே ஏற்றினேன். பிறைற்றனுக்குப் பத்துக் கிலோமீற்றர் இருக்கும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம். சில்லு ஆடத் தொடங்கி பிரேக்கில் உரசியது. பின் சில்லின் வலப்பக்கக் கம்பி ஒன்று, சில்லின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் வளைந்து போகும் கழுத்தில் முறிந்திருந்தது. அடுத்த நாள் இன்னொன்று, அதுவும் வலப்பக்கம்தான்.

பிறகு விளங்கியது. பற்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் பின் சில்லில் வலப்பக்கக் கம்பிகள் இடப்பக்கத்தைவிட நிமிர்ந்தும் கூடுதலாக இறுகியும் நிற்கும். பாரம் முழுவதையும் பின்னால் போட்டால் முதலில் களைத்து முறிவது அவைதான். அதை மாற்றப் பற்சக்கரத் தொகுதியையே கழற்ற வேண்டும். அதற்குரிய சாவி எங்களிடம் இருக்கவில்லை. அந்தக் குளிர்காலம் 36 கம்பி போட்ட புதுச் சில்லு ஒன்றை என் தோழன் தன் நிலவறையில் இருந்து கட்டித் தந்தான். இரண்டு பின்னேரம் எடுத்தது. ஒவ்வொரு கம்பியையும் சுண்டிப் பார்த்து, சத்தம் ஒத்து வரும்வரை இறுக்கினான். கூடவே முன் கரியர் ஒன்றும் போட்டுப் பாரத்தைப் பிரித்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு கம்பியும் முறியவில்லை. ஆனாலும் மூன்று உதிரிக் கம்பிகளைச் சட்டத்தோடு சேர்த்து நாடாவால் ஒட்டி வைத்திருக்கிறேன். சாவியும் பையில் இருக்கிறது.

ரயர் ஷ்வால்பே மரதன். பாரம் கூடிய ரயர், ஆனால் ஆறு பயணத்தில் இரண்டே தடவைதான் காற்றுப் போனது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, வாங்குங்கள்.

முன் சில்லின் ஹப்புக்குள்ளேயே டைனமோ இருக்கிறது. 6 வோல்ற், 3 வாற். அதிலிருந்து ஒரு சின்ன மாற்றி வழியாக போனுக்குச் சார்ஜ் போகும். ஒரு மணித்தியாலம் ஓடினால் என் போனில் பத்து வீதமளவில் ஏறும். வேகம் குறைந்தால் ஒன்றும் ஏறாது. மின்கலம் ஒன்றைச் சார்ஜ் போட்டுக் கொண்டுபோவது இலேசான வழிதான், பலர் அதைத்தான் செய்கிறார்கள். நான் டைனமோவை விடமாட்டேன். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. செய்தி நேரத்துக்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்போம். ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும், மற்றவர்கள் காதை ரேடியோவோடு வைத்துக்கொண்டிருப்பார்கள். சுற்றுபவர் களைத்தால் குரல் இழுபடும். எங்கள் வீட்டில் சுற்றுவது என் வேலை. விறகுக் கட்டும், நெல் மூட்டையும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களும் சைக்கிளில்தான் போன காலம் அது. இரவில் கூடாரத்துக்குள் அந்தப் போனில் வீட்டோடு கதைக்கும்போது எனக்கு அந்த முற்றம் ஞாபகம் வரும். மூன்றாவது வருடம் மாற்றியில் ஒரு வயர் விட்டுப்போனது. ஈயம் வைத்து ஒட்டினோம், இப்போதும் வேலை செய்கிறது.

கூடாரத்தில்தான் எனக்கு மனக்குறை. இருவர் படுக்கிற இரட்டைத் துணிக் கூடாரம், விலையும் குறைந்ததல்ல. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நான்காம் வருடம் பையிலிருந்து எடுத்தபோது வெளித்துணியின் உட்பக்கம் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது, புளித்த வாடை வேறு. தையலில் ஒட்டியிருந்த நாடாக்கள் தோலுரிந்தமாதிரிக் கழன்று வந்தன. கடிதம் எழுதினேன், ஈரத்தோடு மடித்து வைத்திருப்பீர்கள் என்று பதில் வந்தது. அது உண்மைதான். துணியின் பொலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் கிடந்தால் மெல்ல மெல்லச் சிதையும். ஆனால் கையேட்டில் அதை நன்றாகத் தெரியும்படி எழுதியிருக்கலாம். ஏரிக்கரையில் விடியப்புறம் எந்தக் கூடாரமும் நனைந்துதான் இருக்கும். வெளியே மழை இல்லாவிட்டாலும், மூச்சின் ஈரம் உட்பக்கத்தில் முத்து முத்தாக நிற்கும். அதை மடித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவதைத் தவிர வழியில்லை. ஆகவே வீட்டுக்கு வந்த அன்றைக்கே கராஜில் கயிறு கட்டி இரண்டு நாள் காயப்போடுங்கள். நான் பழுதானதைச் சுரண்டிக் கழுவி, சிலிக்கோன் கலவை பூசி, தையலுக்குப் பசை போட்டேன். அதே கூடாரத்தில்தான் அதற்குப் பிறகும் படுக்கிறோம்.

அதன் கம்பு உடைந்த இரவு வேறு. 2021, பிரெஸ்கீல் பூங்கா. 1840இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிற தீபகற்பம் அது. மூன்று பக்கமும் தண்ணீர். இரவு பதினொரு மணிக்கு இடியோடு காற்று எழும்பியது. ஒரு கம்பு பிளந்து துணியைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. கூடாரத்தோடு வந்த சின்ன உலோகக் குழாய், இவ்வளவு நாளும் என்னத்துக்கு என்று தெரியாமல் பைக்குள் கிடந்தது, அதைத்தான் மைத்துனர் பிளவின் மேல் செருகி நாடாவால் சுற்றினார். தலையில் கட்டிய விளக்கு, கையெல்லாம் மழை. நாங்கள் மூவரும் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பத்து நிமிடமும் ஆகவில்லை. அந்தக் குழாயை உங்கள் பையில் ஒருதரம் தேடிப் பாருங்கள்.

ஊதும் மெத்தையில் இரவு இரவாகக் காற்றுப் போனால் காதை வைத்துக் கேட்டு ஓட்டையைப் பிடிக்க முடியாது. விடிய ஏரித் தண்ணீரில் அமுக்கிப் பிடியுங்கள், குமிழி காட்டிக் கொடுக்கும். ஆனால் ஏரிக்குள் இறங்கும்போது கவனம். வடக்குக் கரையில் மேற்குக் காற்று ஒன்றிரண்டு நாள் தொடர்ந்து அடித்தால் மேல் தண்ணீர் நடு ஏரிக்குத் தள்ளுப்பட்டு, அடியில் கிடக்கும் குளிர்த் தண்ணீர் கரையில் மேலே வரும். முதல் நாள் பிள்ளைகள் நீந்திய இடத்தில் அடுத்த நாள் கால் வைத்தால் எலும்புக்குள் குத்தும். ஜூலையிலும் நடக்கும். ஆழமான இடத்தில் 244 மீற்றர் போகிற ஏரி இது.

சாப்பாட்டில் நாங்கள் எடுத்த நல்ல முடிவு நீத்துப்பெட்டி. மூன்று வருடம் பக்கெற் நூடில்ஸ் தின்று அலுத்த பிறகு அண்ணைதான் யோசனை சொன்னார். புட்டு அவிக்கப் பனையோலையில் பின்னிய கூம்பு. பாரம் என்று ஒன்றுமில்லை. உடுப்பை உருட்டி அதற்குள்ளேயே திணித்துக் கொண்டுபோகலாம், இடமும் பிடிக்காது. வறுத்த அரிசிமா, உப்பு, காய்ச்சிய தண்ணீர், கொஞ்சம் உலர்ந்த தேங்காய்ப்பூ. மாவை ரின் மூடியால் கொத்துவோம். வாய் ஒடுங்கிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, மேலே பெட்டியை இருத்தினால் காஸ் அடுப்பில் பதினைந்து நிமிடத்துக்குள் ஆவி வரும். அந்த ஆவியில் ஓலை வாசம் சேர்ந்திருக்கும். ரின் மீனுக்கு வெங்காயமும் தூளும் போட்டு ஒரு பிரட்டல். எண்பது தொண்ணூறு கிலோமீற்றர் ஓடி வந்தவனுக்குப் புட்டு வயிற்றில் நிற்கிற மாதிரி வேறொன்றும் நிற்காது. காற்று அடிக்கிறது என்று அடுப்பைச் சுற்றித் தகரத்தால் முழுவதும் மறைக்காதீர்கள். காஸ் ரின் சூடேறினால் ஆபத்து. காற்று வரும் பக்கத்தில் பையை வைத்தால் போதும்.

சாப்பிட்டதும் எல்லாவற்றையும் கழுவி மூட வேண்டும். இரவில் சாப்பாடு தேடி வரும் ரக்கூனுக்குப் பையின் ‘சிப்’ திறக்கத் தெரியும். விறகு வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டாம், அங்கேயே வாங்குங்கள். ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டிருக்கும் பச்சை வண்டு இந்த மாகாணத்தில் தூர இடங்களுக்குப் பரவ விறகும் ஒரு முக்கிய காரணம். கிங்ஸ்ரன் பக்கம் உண்ணி அதிகம், லைம் நோய் கொண்டுவரும். பின்னேரம் கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முகாம் இடம்தான் பலருக்குத் தடை. சாண்ட்பாங்ஸ் பூங்காவில், குடாவின் வாயை மறித்துக் கிடக்கும் நன்னீர் மணற்குன்றுகளில் உலகிலேயே பெரியவை இருக்கின்றன. ஜூலைக்கு இடம் வேண்டுமென்றால் ஐந்து மாதத்துக்கு முன், பெப்ரவரியில், விடிய ஏழு மணிக்கே கணினிக்கு முன்னால் இருக்க வேண்டும். நாங்கள் நால்வரும் நாலு வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் முயற்சி செய்வோம், யாராவது ஒருவருக்குக் கிடைக்கும். அங்கே இரண்டு இரவு நில்லுங்கள். ஒரு நாள் ஓடாமல் இருந்தால்தான் கடைசி நாளைக்குக் கால் இருக்கும்.

அந்தக் கடைசி நாள் எனக்கு மிகவும் பிடித்தது. பிக்ரன் தாண்டி கிளெனோரா. கோடையில் கால் மணித்தியாலத்துக்கு ஒரு படகு, காசு இல்லை. கார்களுக்குப் பக்கத்தில் நான்கு சைக்கிளையும் சாத்திவிட்டு அக்கரைக்குப் போகும் அந்தக் கொஞ்ச நேரம் நால்வரும் பேசுவதில்லை. அண்ணை எப்போதும் படகின் முன்பக்கத்தில், சங்கிலிக்குக் கிட்டப் போய் நிற்பார். ஊரில் தீவுப் பக்கம் வளர்ந்தவர். இறங்கினால் கிங்ஸ்ரன் வரைக்கும் பெரும்பாலும் தண்ணீரோடு ஒட்டிய வீதி, காற்று முதுகில்.

இந்த வருடம் திரும்பி வந்து சாமான்களைப் பிரித்தபோது நீத்துப்பெட்டியின் விளிம்பு ஓலை விட்டிருந்தது. ஊரிலிருந்து வருகிற ஒருவரிடம் புதியது சொல்லியிருக்கிறோம். பழையதை எறியவில்லை, விளிம்பை நைலோன் நூலால் சுற்றிக் கட்டிவிட்டேன். அடுத்த ஜூலையில் வெங்காயம் அதற்குள்தான் போகும்.